கிளட்சை மிதித்தால் நிற்கும் சத்தம்

கேள்வி: அப்பா விட்டுப்போன 1995-ஆம் வருட மஹிந்திரா எம்.எம். 540 ஜீப் எங்களிடம் இருக்கிறது. கடையாலுமூட்டுக்கு மேலே உள்ள எங்கள் ரப்பர் விளையிலிருந்து ஷீட்டையும் ஒட்டுப்பாலையும் குலசேகரத்துக்குக் கொண்டுவருவது அதில்தான். மழைக்காலத்தில் ஓர் ஓடையைக் கடந்து போக வேண்டும். ஒரு வருடமாக வண்டியில் சத்தம். இரண்டாவது, மூன்றாவது கியரில் ஊளையிடுகிறது. டாப்பில் போட்டால் குறைந்துவிடுகிறது. நிறுத்தி நியூட்ரலில் வைத்தால் ஒரு கரகரப்பு. கிளட்சை மிதித்தால் அது நின்றுவிடுகிறது. ரிவர்ஸ் எடுக்கும்போது அடியில் ‘டக்’ என்று ஓர் அடி. இப்போது புதிதாக, இறக்கத்தில் இரண்டாவது கியர் தானாகக் கழன்று வருகிறது. அப்பா காலத்திலிருந்து ஓட்டும் டிரைவர் அண்ணன், “பழைய ஜீப்புன்னா முனங்கத்தான் செய்யும்” என்கிறார். பட்டறையில் கியர் பாக்ஸையே மாற்ற வேண்டும், 45,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். யாரை நம்புவது? எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், ஸ்பேனர் பிடித்ததில்லை.
— ஒரு வாசகி, குலசேகரம்

பதில்:

கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது என்று கவனித்து எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் “சத்தம் வருது, பாருங்க” என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று கேட்டால் “எப்பவும் வருது” என்பார்கள். எப்போதும் வருகிற சத்தம் என்று ஒன்று கிடையாது. வண்டிக்குள் எந்தச் சத்தமும் சுற்றுகிற ஏதோ ஒன்றோடு கட்டப்பட்டிருக்கும். அது நின்றால் இதுவும் நிற்கும். எதை நிறுத்தினால் எது நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால் போதும், அதற்கு ஸ்பேனர் வேண்டாம்.

முதலில் டிரைவர் அண்ணன் விஷயம். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஜீப்பின் பின்னால் குனிந்து பாருங்கள். பின் அச்சில், சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் உருண்டை நடுவில் இருக்காது, ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கும். கியர் பாக்ஸின் முதுகில் ஒட்டிக்கொண்டு, சுழற்சியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டியின் அமைப்பு அப்படி. என்ஜினிலிருந்து வரும் சுழற்சி அதற்குள் நேராக ஓடிப் பின்சக்கரத்துக்குப் போகாது. நடுவில் ஒரு பல்சக்கரம் அதை வாங்கி, பக்கத்துத் தண்டுக்குக் கொடுக்கும். ஹையில் (சாதாரண ஓட்டம்) போனாலும் லோவில் (மெதுவான, பலமான இழுவை) போனாலும் அந்த நடுச் சக்கரத்தைத் தொடாமல் போக வழியில்லை. அதனால் இந்த வகை ஜீப்பில் ஒரு மெல்லிய ஊளை பிறவியிலேயே உண்டு. ரிவர்ஸில் கேட்கும் கீச்சொலியும் அப்படித்தான். அந்தப் பற்கள் சாய்வாக இல்லாமல் நேராக வெட்டப்பட்டவை. ஆனால் பிறவிச் சத்தம் வருடத்துக்கு வருடம் கூடாது, கியருக்குக் கியர் இவ்வளவு மாறாது. உங்களுடையது ஒரு வருடத்துக்குள் வந்தது. அதனால் டிரைவர் அண்ணனோடு இந்த இடத்தில் நான் பிரிகிறேன்.

பட்டறைக்காரரோடும் பிரிகிறேன். அதற்கு என் சொந்தக் கதை ஒன்று காரணம். தொழிலுக்கு வந்த புதிதில் கீரிப்பாறை பக்கம் ஓர் எஸ்டேட் ஜீப்பில் இதே போல் ஊளை. கேட்டதும் கியர் பாக்ஸ்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். இறக்கினேன், பேரிங் எல்லாம் புதிது போட்டேன், ஏற்றினேன். சத்தம் அப்படியே இருந்தது. மறுபடி இறக்கினேன். இரண்டாவது தடவையும் ஏற்றி, தடிக்காரன்கோணம் ரோட்டில் ஓட்டிப் பார்த்துக்கொண்டே ஒரு மண்பாதையில் திரும்பினேன். தார் முடிந்த இடத்தில் ஊளையும் முடிந்தது. திரும்பத் தாரில் ஏற்றினால் ஊளையும் ஏறுகிறது. இறங்கிப் பார்த்தால், சேற்றுக்கென்று பெரிய கட்டை வைத்த புது டயர் நாலும். தாரில் அது உருளும் சத்தத்துக்குத்தான் நான் இரண்டு முறை பெட்டியை இறக்கியிருக்கிறேன். எஸ்டேட்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன் பிறகு வண்டியும் அனுப்பவில்லை. அன்றிலிருந்து ஓட்டிப் பார்க்காமல் நான் எந்தப் பெட்டியையும் திறப்பதில்லை.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம்.

நியூட்ரலில் கரகரப்பு, கிளட்சை மிதித்தால் நிற்கிறது. கிளட்சிலிருந்து கால் எடுத்து நியூட்ரலில் நிற்கும்போது, கியர் பாக்ஸுக்குள் நுழையும் முன் தண்டு என்ஜினோடு சேர்ந்து சுற்றும். அது கீழே இருக்கும் லே ஷாஃப்ட் என்ற துணைத் தண்டையும் சுற்ற வைக்கும். சக்கரத்துக்குப் போகும் பின் தண்டு அசையாது. கிளட்சை மிதித்ததும் முன் தண்டும் லே ஷாஃப்டும் இரண்டு மூன்று நொடிகளில் தளர்ந்து நின்றுவிடும். சத்தமும் அதோடு தளர்ந்து நிற்கிறது என்றால், அந்த இரண்டைத் தாங்கும் பேரிங்குகளில்தான் கோளாறு. மிதித்தால் நிற்பதற்குப் பதிலாக மிதிக்கும்போதுதான் சத்தம் வந்திருந்தால் ரிலீஸ் பேரிங்கையோ, ஃபிளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பேரிங்கையோ சொல்லியிருப்பேன். உங்களுடையது அதற்கு நேர்மாறு.

இதில் ஒரு சந்தேகத்தை மட்டும் நீங்களே தீர்த்துவிடுங்கள். டீசல் என்ஜின் ஐடிலில் சீராகச் சுற்றாது, துள்ளித் துள்ளிச் சுற்றும். அந்தத் துள்ளலில், சுமை இல்லாத கியர் பற்கள் ஒன்றையொன்று தட்டிக் கலகலக்கும். அதுவும் கிளட்சை மிதித்தால் நின்றுவிடும், நிறைய பேர் இதில் ஏமாறுவார்கள். வண்டியைச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதியுங்கள். கலகலப்பு மறைந்தால் கியர் பாக்ஸை விட்டுவிட்டு ஐடில் வேகத்தையும் கிளட்ச் பிளேட்டின் ஸ்பிரிங்கையும் பார்த்தால் போதும். மறையாமல், என்ஜின் ஏற ஏறச் சத்தத்தின் சுருதியும் ஏறினால் பேரிங்தான்.

இனி ஊளை. உங்கள் நாலு கியர் பெட்டியில் டாப் என்பது நேர் கியர். முன் தண்டும் பின் தண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சுற்றும். லே ஷாஃப்ட் அப்போதும் சுற்றும், ஆனால் தலையில் சுமடு இல்லாத ஆள் கூடவே நடந்து வருகிற மாதிரி. மற்ற கியர்களில் மொத்தச் சுமடும் அதன் தலையில். இரண்டிலும் மூன்றிலும் ஊளை, டாப்பில் குறைவு என்றால் கை நீள்வது லே ஷாஃப்டை நோக்கித்தான். டிஃபரன்ஷியலோ டிரான்ஸ்ஃபரோ ஊளையிட்டால் எந்தக் கியரில் போனாலும் வண்டியின் வேகத்தோடு அது ஏறி இறங்கும், டாப்புக்கு மட்டும் சலுகை காட்டாது. நியூட்ரல் கரகரப்பும் டாப் கியர் அமைதியும், இரண்டு சாட்சியும் ஒரே ஆளைக் காட்டுகின்றன.

இன்னும் உறுதி வேண்டுமென்றால், களியல் ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத சமமான இடத்தில் 40 கிலோமீட்டர் வேகம் பிடித்து, கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுத்துச் சும்மா உருள விடுங்கள். இறக்கத்தில் இதைச் செய்ய வேண்டாம். அப்படி உருளும்போதும் ஊளை தொடர்ந்தால் கியர் பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு நோயும் உண்டு என்று அர்த்தம். ஸ்டீயரிங்கை லேசாக இடமும் வலமும் வளைக்கும்போது சத்தம் மாறினால் வீல் பேரிங்.

நின்ற இடத்திலேயே கேட்க இன்னொரு வழி, டிரான்ஸ்ஃபர் லீவரை நியூட்ரலில் வைத்துக் கியர் பாக்ஸை இரண்டில் போடுவது. சக்கரம் சுற்றாது, கியர் பாக்ஸ் முழுக்கச் சுற்றும். இதைச் செய்யும்போது ஒன்றை மறக்கக் கூடாது. டிரான்ஸ்ஃபர் நியூட்ரலில் இருந்தால் வண்டியை எந்தக் கியரில் போட்டு நிறுத்தினாலும் கியர் அதைப் பிடித்து வைக்காது, உருண்டுவிடும். நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல் வையுங்கள். என்ஜின் ஓடும்போது ஒருவரும் அடியில் படுக்க வேண்டாம். துப்பட்டா நுனியும் வேட்டி நுனியும் சுற்றுகிற தண்டுக்குப் பிடித்தமானவை.

பேரிங்கைப் பற்றி இவ்வளவு பேசினாலும், பெட்டியைத் திறக்கும் முன் ஆயிலைத் திறக்கச் சொல்வேன். நான் பார்த்த பழைய ஜீப்களில் பேரிங் தானாகச் செத்ததைவிட ஆயில் இல்லாமலோ தண்ணீர் கலந்தோ செத்ததுதான் அதிகம். உங்கள் கடிதத்தில் ஆயில் என்ற சொல்லே இல்லை, எனக்கு அதுதான் உறுத்துகிறது. அப்பா கடைசியாக எப்போது மாற்றினார் என்று டிரைவர் அண்ணனுக்குத் தெரிந்திருக்கும்.

ஓட்டிவிட்டு வந்த சூட்டோடு, ஒரு பழைய அலுமினியச் சட்டியை வைத்து கியர் பாக்ஸ் ஆயிலை இறக்கச் சொல்லி, பக்கத்தில் நில்லுங்கள். முதலில் நிறம். பால் விட்ட காப்பி மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. வண்டி இரண்டு மணி நேரம் ஓடி, பெட்டி சூடாக இருக்கும்போது நேரே ஓடைக்குள் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். அந்தச் சுருக்கம் சீல் ஓரத்தில், மூச்சுக்குழாயில், எங்கே சந்து கிடைக்கிறதோ அங்கே தண்ணீரை உள்ளே இழுக்கும். மழைக்காலத்தில் ஓடைக்கரையில் பத்து நிமிடம் நிறுத்தி ஆற விட்டு இறக்குங்கள் என்று நான் சொல்வது அதற்காகத்தான். பின் அச்சின் மேல் சுண்டு விரல் நுனி அளவுக்கு ஒரு மூச்சு நிப்பிள் இருக்கும். அது சேறடைத்துக் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, இறக்கிய ஆயிலில் ஒரு காந்தத்தை அலைய விட்டு எடுங்கள். வழவழப்பான சாம்பல் நிறப் பசை ஒட்டினால் பயமில்லை, முப்பது வயது வண்டியில் அது இருக்கும். விரலில் தேய்க்கும்போது குத்துகிற சில்லு, மீன் செதிள் போன்ற தகடு வந்தால் பேரிங் உரிந்துகொண்டிருக்கிறது. காந்தத்தில் ஒட்டாமல் சட்டியின் அடியில் மஞ்சளாக மின்னினால் அது, கியர் மாற்றும்போது வேகத்தைச் சேர்த்து வைக்கும் சிங்க்ரோ வளையத்தின் பித்தளை. பல்லின் துண்டே வந்தால் அந்த வண்டியை அன்றே ஓரங்கட்டிவிடுங்கள்.

ஒருவேளை மரத்தூள் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஊளையை அடக்கி வண்டியை விற்க அந்தக் காலத்தில் சிலர் செய்த வேலை அது. நான் ஒரு பெட்டியில் கை நிறைய அள்ளியிருக்கிறேன்.

கியர் பாக்ஸ் ஆயில் குறைந்திருந்து, தரையில் ஒழுக்கு எதுவும் இல்லையென்றால் டிரான்ஸ்ஃபரின் பக்கத்துப் பிளக்கைத் திறந்து பாருங்கள். ஒட்டியிருக்கும் இரண்டு பெட்டிக்கும் நடுவில் உள்ள சீல் தேய்ந்தால், இதன் ஆயில் சொல்லாமல் கொள்ளாமல் அதற்குள் போய்விடும். யாரும் ஊற்றாத டிரான்ஸ்ஃபரில் பிளக்கைத் திறந்ததும் ஆயில் வழிகிறதென்றால், இந்தப் பக்கம் கியர் பாக்ஸ் வறண்டு ஓடியிருக்கிறது. வெளியே சொட்டு விழாததால் யாருக்கும் தெரியாது. உங்கள் வண்டியில் இதுதான் நடந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

புது ஆயில் ஊற்றும்போது கடையில் “கியர் ஆயில்” என்று மட்டும் கேட்காதீர்கள். கியர் பாக்ஸுக்கு ஜி.எல்-4 தரத்தில் 80டபிள்யூ-90; டிஃபரன்ஷியலுக்கு ஜி.எல்-5. டிஃபரன்ஷியலுக்குள் கிரவுன், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு சுற்றுவதால் அதற்கு வீரியமான ஆயில் வேண்டும். அதே வீரியம் கியர் பாக்ஸில் இருக்கும் பித்தளை வளையங்களை நாளடைவில் அரித்துவிடும். எல்லாவற்றிலும் ஒரே டப்பாவைக் கவிழ்ப்பது நம் ஊர்ப் பட்டறைகளில் சாதாரணம். நானும் செய்திருக்கிறேன், இப்போது செய்வதில்லை.

ரிவர்ஸ் எடுக்கும்போது வரும் ‘டக்’ வேறு ஆள், பெரும்பாலும் மலிவான ஆள். கியர் பாக்ஸ் கோளாறோடு அதைக் கட்ட வேண்டாம். என்ஜினை அணைத்து, சக்கரங்களுக்குக் கல் வைத்து, நியூட்ரலில் போட்டு, பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பிராப்பெல்லர் ஷாஃப்டை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியுமாக முறுக்குங்கள். இரண்டு முனையிலும் இருக்கும் யு.ஜே. கிராஸை (வளைந்து கொடுக்கும் சிலுவை வடிவ இணைப்பு) பாருங்கள். ஒரு பக்கக் கவை அசைந்து மறுபக்கம் அசையாமல் நிற்கிறதா, மூடிகளைச் சுற்றி மிளகாய்ப்பொடி தூவியது போலச் சிவப்பாகத் துரு பொடிந்திருக்கிறதா? அப்படியானால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பேரிங் துருவாகிவிட்டது. கிராஸை மாற்றுங்கள், அரைநாள் வேலை. நன்றாக இருந்தால், நாலு மூடியிலும் பழைய கிரீஸ் பிதுங்கி வரும்வரை புது கிரீஸ் அடிக்கச் சொல்லுங்கள். ஓடையில் இறங்கும் வண்டிக்கு மழை முடிந்ததும் இதை ஒரு முறை செய்தே ஆக வேண்டும். கிராஸ் சரியாக இருந்தும் ‘டக்’ போகவில்லையென்றால் ஷாஃப்ட் நீண்டு சுருங்க உதவும் ஸ்பிளைன் வரிப்பற்களின் தேய்மானத்தையும் அப்புறம் டிஃபரன்ஷியலின் பல் இடைவெளியையும் பார்க்க வேண்டும்.

நாலு சங்கதியில் எனக்குக் கவலை தருவது இரண்டாவது கியர் கழல்வது. ஏற்றத்தில் என்ஜின் சக்கரத்தைத் தள்ளுகிறது. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டதும் சக்கரம் என்ஜினைத் தள்ளுகிறது. பற்களின் மேல் சுமை பக்கம் மாறும் அந்த நொடியில், தண்டு முன்னும் பின்னும் ஆடும் அளவுக்குத் தேய்மானம் இருந்தால் கியர் நழுவும். கியரைப் பிடித்து வைக்கும் சின்னப் பற்களின் முனை உருண்டை ஆகியிருக்கலாம், மேல் மூடிக்குள் இருக்கும் குண்டை அழுத்தும் ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம். அதற்கெல்லாம் முன்னால் பெட்டியைத் தாங்கும் ரப்பர் மவுன்டையும் அதன் போல்ட்டுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். மவுன்ட் கிழிந்து பெட்டியே ஆடினாலும் கியர் கழலும். அதைப் பார்க்காமல் பிரித்து, உள்ளே எல்லாம் சரியாக இருந்துவிட்டால் பிரித்த கூலி வீண்.

கழலாமல் இருக்க டிரைவர் அண்ணன் லீவரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாரா? எல்லாரும் செய்வதுதான். ஆனால் அந்த அழுத்தம் உள்ளே கியரை நகர்த்தும் கவையான ஃபோர்க்கைத் தேய்க்கும்; இரண்டு மாதத்தில் ஃபோர்க்கும் செலவில் சேரும். இது சரியாகும்வரை ஒட்டுப்பால் மூட்டையோடு அந்த இறக்கத்தில் இந்த ஜீப் இறங்க வேண்டாம். சுமைக்கு வாடகை வண்டி பிடியுங்கள். என்ஜின் பிடிப்பு இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பிச் சுமையோடு இறங்கும் பழைய ஜீப், பாதி வழியில் டிரம் சூடேறிப் பிரேக்கையும் இழக்கும். சுமையில்லாமல் இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால், மண்பாதையாக இருக்கும் வரை லோவில் போட்டு முதல் கியரில் இறங்கலாம்.

லோவையும் முன்சக்கர இழுவையையும் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். ஓடை தாண்டித் தாரில் ஏறியதும் ஃபோர் வீலை எடுத்துவிடுகிறாரா? இந்த ஜீப்பில் முன் அச்சையும் பின் அச்சையும் நடுவில் இளக்கிவிட எதுவும் இல்லை. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் ஓட வேண்டும். சேற்றில் டயர் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிக்கட்டிக்கொள்ளும், தாரில் வழுக்க இடமில்லாமல் மொத்த முறுக்கும் டிரான்ஸ்ஃபர் பற்களில் போய் ஏறும். லீவர் எடுக்க வராமல் இறுகி நிற்பது அப்போதுதான். பலம் போட்டு இழுக்காமல் நாலடி பின்னால் எடுங்கள், முறுக்கு அவிழ்ந்து லீவர் தானாக வரும். முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்த டயர் என்று போட்டிருந்தாலும் இதே தொந்தரவுதான்.

ஆக, 45,000 ரூபாய் கொடுத்துப் பெட்டியை மாற்றாதீர்கள். மாற்றுகிறேன் என்று சொல்லி வைக்கப்போவது எங்கோ உடைத்த இன்னொரு பழைய ஜீப்பின் பெட்டியாகத்தான் இருக்கும். அதன் லே ஷாஃப்ட் எத்தனை மலை ஏறியதோ. இந்த வாரம் ஆயிலும் யு.ஜே. கிராஸும் மவுன்டும் பார்த்துவிடுங்கள். ஆயில் மாற்றிய பிறகும் நியூட்ரல் கரகரப்பு அப்படியே இருந்தால், இருக்கும் என்றுதான் நினைக்கிறேன், இலை உதிர்ந்து பால் வெட்டு நிற்கும் நாட்களில் உங்கள் பெட்டியையே பிரிக்கச் சொல்லுங்கள். விளையில் சுமை இல்லாத காலம், வண்டி பத்து நாள் பட்டறையில் கிடந்தாலும் நஷ்டமில்லை.

பிரித்தால் முன் தண்டு பேரிங், லே ஷாஃப்டும் அதன் ஊசி பேரிங்குகளும், இரண்டாவது கியரின் சிங்க்ரோ வளையம், மேல் மூடி ஸ்பிரிங், இரண்டு பெட்டிக்கும் நடுவிலுள்ள சீல், எல்லாம் ஒரே கையாகப் போட்டுவிடுங்கள். கியர் பாக்ஸ் இறங்கினால் கிளட்ச் கண்ணெதிரே நிற்கும். ரிலீஸ் பேரிங்கையும் பைலட் பேரிங்கையும் அப்போதே மாற்றுவது லாபம். லே ஷாஃப்டின் பற்களில் குழி விழுந்திருந்தால் பேரிங் மாற்றியும் ஊளை போகாது, ஷாஃப்டையே மாற்ற வேண்டியிருக்கும். அதைப் பிரித்த அன்றே வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள், பூட்டிய பிறகு சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வேலை கொடுக்கும்போதே ஒன்று சொல்லிவையுங்கள்: கழற்றிய பேரிங், வளையம், சீல் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு வண்டியோடு தர வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து மண்ணெண்ணெயில் கழுவி, பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றிப் பாருங்கள். ஒரு வருடமாக நீங்கள் கேட்ட கரகரப்பு அங்கே விரலில் தட்டுப்பட வேண்டும். எல்லாமே வழவழவென்று ஓடினால் எனக்கு மறுபடி எழுதுங்கள். நாம் தேடிய இடம் தப்பு.